படிக்காமல் ஏறும் படிகள்

ரத்தக்காட்டேரிக் காதல் கதை ஒன்றைப் பற்றி உங்களுக்குப் பலமான அபிப்பிராயம் இருக்கிறது. தெரியும். 'ட்வைலைட்' என்ற பெயரைக் கேட்டதும் உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே போகிறதே, அதை வைத்தே சொல்லிவிடலாம். வாழ்த்துகள். பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மீதியைத் தாண்டவைப்பது என் பொறுப்பு.

மொத்தம் நான்கு நாவல்கள். 2005-ல் முதலாவது வந்தது, 2008-ல் நான்காவது. ஆங்கிலப் பதிப்பில் கூட்டினால் 2,000 பக்கங்களுக்கு மேல். விற்றவை பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல். இத்தனையையும் படித்து முடித்துத்தான் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றால் நாட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. அந்தச் சங்கடம் உங்களுக்கு வராமல் இருக்கத்தான் இந்தக் கையேடு.

படி 1. அட்டையைப் படியுங்கள்

கறுப்புப் பின்னணி. வெளிறிய இரண்டு கைகள். அவற்றில் ஒரு சிவப்பு ஆப்பிள். போதும், மூடிவிடுங்கள்.

கதைச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் தெரிந்திருக்கக் கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பாவோடு வசிக்க வருகிறாள் பெல்லா ஸ்வான் என்ற 17 வயதுப் பெண். பள்ளியில் பக்கத்து இருக்கைக்காரன் எட்வர்ட் கல்லன் ஒரு ரத்தக்காட்டேரி. ஆனால் மனித ரத்தம் குடிப்பதில்லை என்று விரதம் பிடிக்கும் குடும்பம், காட்டு விலங்குகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அந்தக் குடும்பம் தங்களுக்குள் வேடிக்கையாகத் தங்களைச் 'சைவம்' என்று சொல்லிக்கொள்கிறது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டால் ஆபத்து. எழுதியவரும் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறாரோ என்ற சந்தேகம் தட்டும். சந்தேகம் நம் தொழிலுக்கு ஆகாது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் அட்டை போட்டு, மேலே 'பொருளாதாரம்' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். படித்தேன் என்று சொல்லவில்லை. அட்டை போட்டேன் என்றுதான் சொல்கிறேன்.

படி 2. விகுதியில் வேலையைக் காட்டுங்கள்

எழுதியவர் ஸ்டெஃபனி மேயர். அரிசோனாவில் மூன்று சின்னப் பையன்களை வளர்த்துக்கொண்டிருந்தவர். 2003 ஜூன் 2-ஆம் தேதி ஒரு கனவு கண்டார். ஒரு புல்வெளி, சாதாரணப் பெண் ஒருத்தி, வெயிலில் தகதகக்கும் ரத்தக்காட்டேரி ஒருவன், இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து எழுதினார். அதுதான் முதல் நாவலின் 13-ஆம் அத்தியாயம். மூன்று மாதத்தில் முழு நாவலும் முடிந்தது. இலக்கிய முகவர்கள் 15 பேருக்குக் கடிதம் எழுதினார். பலர் மறுத்தார்கள், சிலர் பதிலே போடவில்லை, ஒருவர் ஏற்றுக்கொண்டார். அப்புறம் மூன்று புத்தகங்களுக்குச் சேர்த்து ஏழரை லட்சம் டாலர்.

மேலே உள்ள பத்தியை அப்படியே ஒப்பித்தால் கேட்பவர் "பரவாயில்லையே" என்று சொல்லிவிடுவார். எனவே மொழி கையில் கொடுத்திருக்கும் ஆயுதத்தை எடுங்கள். சரியான வாக்கியம் இது: "வீட்டுப் பொம்பளையாம், மூணு புள்ளைங்களாம், ஒரு நாள் கனவு கண்டாளாம், அதை அப்படியே எழுதிட்டாளாம்." நான்கு 'ஆம்'. ஒன்று குறைந்தாலும் காரம் பத்தாது. மரியாதை விகுதியைக் கழற்றியதையும் கவனியுங்கள்.

'குப்ளா கான்' கவிதை தூக்கத்தில் வந்தது என்று கோல்ரிட்ஜ் சொன்னாரே? அது தரிசனம். 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலின் விதை 1816-ல் ஜெனீவா ஏரிக்கரையில், இரவில், மூடிய கண்ணுக்குள் தெரிந்ததாக மேரி ஷெல்லி எழுதினாரே? அதுவும் தரிசனம்தான். அவரும் பெண்தானே என்று யாராவது மடக்கினால், அவர் 1851-லேயே காலமாகிவிட்டார், செத்தவர்களுக்கு 'ஆர்' விகுதி கொடுப்பது நம் வழக்கம் என்று சொல்லுங்கள்.

படி 3. ரத்தக்காட்டேரி நிபுணர் ஆகுங்கள்

இதுதான் பயிற்சியின் இருதயம். நிதானமாகப் பழகுங்கள்.

மேயரின் ரத்தக்காட்டேரிகள் வெயில் பட்டால் சாவதில்லை. வைரம் பதித்ததுபோல் மின்னுகிறார்கள். இதைக் கேட்ட கணத்தில் நீங்கள் கொதிக்க வேண்டும். "உண்மையான ரத்தக்காட்டேரி வெயிலில் மின்னாது! எரிந்து சாம்பலாகும்!" என்று மேசையைத் தட்டுங்கள். 'உண்மையான' என்ற சொல்லில் அழுத்தம் கொடுங்கள். பக்கத்துத் தெருவில் இரண்டு பேரைத் தெரியும் என்பது போன்ற தொனி வர வேண்டும்.

இந்த நிபுணத்துவம் உடையாமல் இருக்கச் சில புத்தகங்களைத் தொடாமல் இருப்பது நல்லது. முதலாவது, பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா', 1897. அதில் பிரபு லண்டன் பிக்காடில்லியில் பட்டப்பகலில் நின்று ஒரு பெண்ணை வேடிக்கை பார்க்கிறார். பகலில் அவருடைய சக்தி குறையும், அவ்வளவுதான். சாம்பலும் இல்லை, புகையும் இல்லை. வெயில் பட்டால் சாவு என்ற விதி ஊன்றியது 1922-ல், முர்னாவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்தில். அது டிராகுலா கதையை அனுமதி வாங்காமல் எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பே வாங்கினார். ஆக, நீங்கள் மேசையைத் தட்டிக் காப்பாற்றும் ஐதீகம் ஒரு திருட்டுக் கதைப் படத்தின் கடைசிக் காட்சி. இது வெளியே தெரிய வேண்டாம்.

அதற்கும் பின்னால் போகவே போகாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் செர்பியக் கிராமங்களில் தோண்டிப் பார்த்துப் பதிவு செய்த ரத்தக்காட்டேரிகள் வெளிறிய அழகர்கள் அல்லர். ஊதிப்போன, முகம் சிவந்த, வாயில் ரத்தம் கசிந்த குடியானவர்களின் பிணங்கள். அந்தப் பிணத்துக்குக் கோட்டுப் போட்டு, பட்டம் கொடுத்து, பெரிய மனிதர் வீட்டு விருந்துக்கு அனுப்பியவர் ஜான் பொலிடோரி. கவிஞர் பைரனின் வைத்தியர். 1819-ல் அச்சான கதை. ஜெனீவா ஏரிக்கரை என்று சொன்னேனே, அதே வீட்டு அரட்டையில் முளைத்ததுதான் இதுவும். இப்படி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அரிசோனாக்காரரும் தன் பங்குக்கு மாற்றினார் என்று நியாயம் பேசத் தோன்றிவிடும். எச்சரிக்கை.

'உண்மையான' ரத்தக்காட்டேரி எது என்று முடிவு செய்யச் சுலபமான வழி இருக்கிறது. உங்களுக்குப் பத்து வயதில் எந்தப் படம் பார்த்துப் பயந்தீர்களோ, அதில் வந்ததுதான் உண்மையானது. மற்றவை எல்லாம் கலப்படம்.

இங்கேயே ஒரு துணைப் பயிற்சி. மேயர் ஃபோர்க்ஸ் ஊரைப் பார்க்காமலே, அமெரிக்காவில் மழை அதிகம் பெய்யும் இடம் எது என்று இணையத்தில் தேடிப் பிடித்து எழுதினார். இதை "ஊரைக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறாள்" என்று சொல்லுங்கள். ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை. அதை "என்ன கற்பனை வளம்!" என்று சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறாமல் வந்துவிட்டால் அடுத்த படிக்குத் தயார்.

படி 4. கணக்குப் போடுங்கள்

எட்வர்ட் 1901-ல் சிகாகோவில் பிறந்தவன். 1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரி ஆக்கப்பட்டவன். முதல் புத்தகம் வந்த 2005-ல் அவனுக்கு 104 வயது, அவளுக்கு 17. இதை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் நீங்கள்தான் என்ற பாவனையோடு, சற்றே குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். பத்து லட்சம் பேர் முன்பே சொன்னால் என்ன, கழித்தல் கணக்கு யார் போட்டாலும் விடை ஒன்றுதான்.

நூறு வருடம் உயிரோடு இருக்க வரம் கிடைத்தும் ஒருவன் திரும்பத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே போகிறானே என்ற நிஜமான அபத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். அதற்குச் சிரிப்பு வரும். நமக்கு வேண்டியது அருவருப்பு.

படி 5. கவலைப்படுங்கள்

யாருக்காக? இளம் பெண்களுக்காக. அவர்களில் ஒருத்தியிடமும் கேட்காமல்.

இந்தப் படியில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கவலைப்பட உண்மையிலேயே விஷயம் இருக்கிறது. எட்வர்ட் இரவில் பெல்லாவின் அறைக்குள் அவளுக்குத் தெரியாமல் வந்து, தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் பாகத்தில், அவள் தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்று அவள் வண்டி இன்ஜினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வைக்கிறான். வேறு யாராவது செய்தால் காவல் நிலையத்தில் முடிகிற காரியங்கள். ஆனால் இவற்றை ஆராயாதீர்கள். கல் மாதிரிக் கையில் வைத்திருங்கள், பேச்சில் தோற்கும்போது எறியுங்கள். இந்தக் காட்சிகளை வைத்து முதலில் சண்டை போட்டுக்கொண்டவர்களே அந்தப் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்த பெண்கள்தான் என்பதை மறந்துவிடுங்கள். ரசிகை என்றால் மயங்கிக் கிடப்பவள். மயங்கிக் கிடப்பவள் எப்படிச் சண்டை போடுவாள்?

கவலைக்கு வலு சேர்க்க நல்ல இலக்கியத்தை உதாரணம் காட்டுங்கள். 'வுதரிங் ஹைட்ஸ்' என்று ஆரம்பியுங்கள். அதில் ஹீத்கிளிஃப் மனைவியின் நாய்க்குட்டியைத் தூக்கில் மாட்டுவான், காதலித்தவளின் சவக்குழியைத் தோண்டுவான். 'ஜேன் அயர்' நாயகன் ராச்செஸ்டர் மனைவியை மாடியில் பூட்டி வைத்துக்கொண்டே இன்னொருத்தியை மணக்க மேடை வரை போவார். இரண்டும் 1847. இவை காவியக் காதல். இன்ஜினில் கைவைப்பது வன்முறை. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசலாமே என்று ஒருவர் சொன்னால் அவர் இலக்கியம் தெரியாதவர்.

'வுதரிங் ஹைட்ஸ்' நாவலுக்கே ட்வைலைட் மாதிரிக் கறுப்பு அட்டை போட்டு, 'பெல்லாவுக்கும் எட்வர்டுக்கும் பிடித்த புத்தகம்' என்று அச்சடித்து இங்கிலாந்தில் ஒரு பதிப்பு விற்றார்கள். இதைக் கேட்டால் கண்ணீர் விடுங்கள். அதை வாங்கிய பதினைந்து வயதுப் பெண் எமிலி பிராண்டேயைப் படித்திருப்பாள், நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

இனி உச்சக்கட்டப் பயிற்சி. நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகப் புகார் வந்த புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் பட்டியல் போடும். 2009-ல் ட்வைலைட் வரிசைக்கு ஐந்தாம் இடம், 2010-ல் பத்தாம் இடம். ஆபாசம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே நேரத்தில், மேயர் மார்மன் சமயப் பிரிவைச் சேர்ந்த பக்தியுள்ளவர். கதாநாயகன் தாலி கட்டுகிற வரை தொடமாட்டேன் என்று அடம்பிடிக்க, கல்யாணம் நான்காம் பாகத்தில்தான் நடக்கிறது. இது கற்புப் பிரசாரம் என்று எதிர்த்தவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும். ஆபாசம் என்று காலையில் சொல்லுங்கள், சாமியார்த்தனம் என்று மாலையில் சொல்லுங்கள். நடுவில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் முரண் தெரியாது.

படி 6. கட்சி சேருங்கள்

எட்வர்ட் கட்சி அல்லது ஓநாயாக மாறும் ஜேக்கப் கட்சி. சட்டையில் அச்சடித்தே விற்றார்கள். பெல்லா கல்லூரிக்குப் போய், இருவரையும் மறந்துவிடலாமே என்ற மூன்றாவது கட்சிக்குச் சட்டை கிடையாது.

ஜேக்கப் கட்சியில் இருந்தவர்களுக்கு மட்டும்: நான்காம் பாகத்தில் அவன், பெல்லாவுக்கு அப்போதுதான் பிறந்த குழந்தையோடு ஆயுள் பந்தம் பூண்டுவிடுகிறான். இதற்கு இந்தக் கையேட்டில் பயிற்சி இல்லை. நீங்கள் கொஞ்ச நாள் ஊரில் இல்லாமல் இருப்பது நல்லது.

படி 7. படத்தைப் பாருங்கள், புத்தகத்தைத் திட்டுங்கள்

ஐந்து படங்கள், 2008 முதல் 2012 வரை. முதல் படத்தை 3.7 கோடி டாலர் செலவில் இயக்கியவர் கேத்தரின் ஹார்ட்விக் என்ற பெண். வசூல் கிட்டத்தட்ட 40 கோடி. அடுத்த நான்கையும் இயக்கியவர்கள் ஆண்கள். இதைப் பற்றி அபிப்பிராயம் வேண்டாம், உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

முதல் படத்தில், இடி இடிக்கும்போது ரத்தக்காட்டேரிக் குடும்பம் பேஸ்பால் ஆடும் காட்சி வரும். அவர்கள் பந்தை அடிக்கும் சத்தமே இடிபோல இருப்பதால் இடிமழை நாளில்தான் ஆட முடியும். அந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுங்கள். உங்களைப் போன்ற பலமான ஆட்கள் பலர் அங்கேதான் விழுந்திருக்கிறார்கள்.

பெல்லாவாக நடித்த கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டுக்கு முகத்தில் ஒரே பாவம்தான் என்று சொல்லுங்கள். 2022-ல் அவர் பெயர் ஆஸ்கர் பரிந்துரையில் வந்தபோது "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொன்னீர்களே, அதேபோல இதையும் உறுதியாகச் சொல்லுங்கள். எட்வர்டாக வந்த ராபர்ட் பாட்டின்சன் பின்னாளில் பேட்மேன் ஆனார். அவருக்கும் அதே வசனம்.

புத்தகத்தைப் படித்தீர்களா என்று யாராவது குறுக்கே கேட்டால் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. இரண்டாம் பாகத்தில் எட்வர்ட் விட்டுப் போன பிறகு, அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் போட்ட வெற்றுப் பக்கங்கள் வரும். துக்கத்தில் பெல்லாவுக்கு நாட்களே பதியவில்லை என்பதைக் காட்ட. அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுங்கள். நான்கு பக்கங்களை வரி விடாமல் படித்ததாக இனி நீங்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

படி 8. இந்தப் படியில் கால் வைக்காமல் தாண்டுங்கள்

ஃபோர்க்ஸ் நிஜமான ஊர். மரம் வெட்டிப் பிழைத்த, சில ஆயிரம் பேர் வாழும் ஊர். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. மரத்தொழில் நொடித்துப் போன பிறகு ட்வைலைட் ரசிகர்கள் வந்து இறங்கினார்கள். பெல்லாவின் பிறந்தநாளை ஒட்டிச் செப்டம்பரில் விழாவே நடக்கிறது. போனால், பெல்லாவின் வண்டி மாதிரி நிறுத்தி வைத்திருக்கும் பழைய சிவப்பு வண்டியின் அருகே படம் எடுத்துக்கொண்டு, ஈரம் தாங்கவில்லை என்று புகார் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். லா புஷ் என்ற இடத்தில், சுமார் ஒரு சதுர மைல் நிலத்தில், குவிலியூட் மக்கள் இருக்கிறார்கள். ஜேக்கப்பும் அவனுடைய ஓநாய்க் கூட்டமும் கதையில் இவர்கள்தான். ஓநாய்களிலிருந்து மனிதராக மாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய சொந்தத் தோற்றக் கதை. ரத்தக்காட்டேரிகளோடு பரம்பரைப் பகை என்பது மேயர் ஒட்டியது. 'ம'வும் 'ன'வும் இல்லாத, உலகத்திலேயே அரிதான மொழிகளில் ஒன்று அவர்களுடையது. அவர்கள் கதையில் எது நிஜம், எது ஒட்டு என்று விளக்க அவர்களே சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டி வந்தது. ஐந்து படங்களும் 330 கோடி டாலருக்கு மேல் வசூலித்த காலத்தில், அவர்களுடைய கவலை ஆழிப்பேரலை வந்தால் பள்ளிக்கூடம் மூழ்கிவிடுமே என்பது. 2012-ல் தனிச் சட்டம் போட்டு, பக்கத்துத் தேசியப் பூங்காவிலிருந்து மேட்டு நிலம் கொடுத்தார்கள்.

பார்த்தீர்களா, இந்தப் படி எவ்வளவு கனம்? அதனால்தான் தாண்டச் சொல்கிறேன். யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் "அட, கற்பனைக் கதைதானே, விடுங்க" என்று கையை உதறுங்கள். இல்லாத பிறவியின் ஐதீகம் கெட்டுவிட்டதே என்று மூன்றாம் படியில் மேசையைத் தட்டியதும் அதே கைதான். மேசையைத் தட்டியதில் வலி இருந்தால், உதறினால் சரியாகிவிடும்.

படி 9. காற்றைப் பாருங்கள்

வெறுப்புக்கும் காலாவதித் தேதி உண்டு. 2008-ல் திட்டுவது அறிவாளியின் அடையாளம். 2013-ல் கடைசிப் படம் மோசமான படங்களுக்கான ஏழு ராஸி விருதுகளை அள்ளியபோது சிரிப்பது அடையாளம். 2020-ல் எட்வர்டின் வாயால் அதே கதையைச் சொல்லும் 'மிட்நைட் சன்' வந்தது. அதற்குள் பதினைந்து வயதில் படித்தவர்கள் வேலைக்குப் போய், வாடகை கட்டி, பழைய ட்வைலைட் படங்களை ஏக்கத்தோடு திரும்பப் போட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இப்போது நீங்கள் சொல்ல வேண்டியது: "எனக்கு எப்பவுமே பிடிக்கும். சும்மா விளையாட்டுக்குத் திட்டினேன்." பழைய நண்பர் யாராவது முழித்தால் அவருக்கு நினைவு மறதி என்று அனுதாபப்படுங்கள்.

இத்தனை பயிற்சியும் முடிந்த ஒரு நாள், உங்கள் அக்கா மகள் விடுமுறைக்கு வந்து, அலமாரியில் 'பொருளாதாரம்' என்று எழுதியிருக்கும் புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்பாள். இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் தோழியிடம் வாங்கி வருவாள். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே நிமிர்ந்து கேட்பாள்: "மாமா, இவன் எதுக்கு அவ வண்டியில கை வைக்கிறான்? அவ எங்க போகணும்னு இவன் யாரு சொல்ல? எரிச்சலா வருது. ஆனா அடுத்து என்னன்னு தெரியாம புத்தகத்தைக் கீழ வைக்கவும் முடியல. இப்ப எனக்கு இது பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?"

பதறாதீர்கள். இதற்காகத்தானே பழகினோம். தொண்டையைக் கனைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ரத்தக்காட்டேரி வெயிலில் மின்னாது என்று சொல்லுங்கள்.